ஃபார்மட் போடும் முன்

திசையன்விளை, உடன்குடிப் பக்கம் பத்து வருடம் ஓடிய ஒரு சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றினால், உள்ளே தேரிக்காட்டுச் செம்மண் மாவாகப் படிந்திருக்கும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிற வீடு என்றால் புகையிலைத் தூளும் சேர்ந்திருக்கும். உவரி, இடிந்தகரை என்று கடலோரம் போனால் தூசியைவிட உப்புதான் வேலை காட்டும்; ஸ்க்ரூ தலையெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கும். இந்த மெஷின்களில் பெரும்பாலானவை இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. "சும்மா சும்மா ஹேங் ஆகுது" என்று துணி போட்டு மூடி மூலையில் தள்ளியிருப்பார்கள். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் வருகிற முதல் கேள்வி, "ஃபார்மட் போட்டுரலாமா அண்ணாச்சி?"

அதற்கு உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஓஎஸ்ஸை, அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, ஏற்றுகிற வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். பழைய மெஷின் நன்றாக ஓடுமா, திரும்பவும் மூலைக்குப் போகுமா என்பது அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் முடிவாகிறது. அதனால் பழைய கணினியில் லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் ஏற்றுவது பற்றிய இந்தப் பதிவில் முன்வேலைக்குத்தான் இடம் அதிகம்.

முதலில், விண்டோஸையே திரும்பப் போட்டால் என்ன? விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ல் நின்றன. குரோம் உலாவி 2023 தொடக்கத்தில், 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐ விட்டுவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் சிப்), செக்யூர் பூட் வசதியுள்ள யூஇஎஃப்ஐ (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் நிரலின் புது வகை), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸர். இந்தச் சோதனைகளைத் தாண்டி ஏற்றித் தர வழி இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு, இருக்கவும் செய்கிறது. ஆனால் இன்டெல்லின் பழைய பிராசஸரான கோர் 2 டுயோவில் அதுவும் பலிக்காது. 2024-ல் வந்த 24எச்2 பதிப்பு முதல், எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் ஆகிய கட்டளைகள் பிராசஸருக்குள்ளேயே இருந்தாக வேண்டும். கோர் 2 டுயோ சிப்பில் அவை கிடையாது. எந்த மென்பொருளாலும் ஈடுகட்ட முடியாத குறை அது.

ஆகவே பழைய வீட்டுக் கணினிக்கு லினக்ஸ்தான் பொருத்தம் என்பது எங்கள் துணிபு. ஒரு விலக்கு மட்டும் உண்டு. அந்த மெஷினில் டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடுகிறது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகிக் கணக்குத் தாக்கல் செய்கிறார்கள், விரல்ரேகைக் கருவி மாட்டியிருக்கிறார்கள் என்றால் கை வைக்காதீர்கள். லினக்ஸில் விண்டோஸ் நிரலை ஓட்டும் வைன் இருக்கிறதே என்று நம்பிக் கடைக் கணக்கை அதில் ஏற்றுவது சரியல்ல. பில் போடுகிற நேரத்தில் அது காலை வாரினால் வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார்.

இனி மெஷினை இனம் காண வேண்டும். திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ அசெம்பிள் செய்து வாங்கிய வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் வந்துவிடும். ஜி31 மதர்போர்டு, டிடிஆர்2 ரேம், பென்டியம் டுயல் கோர் அல்லது கோர் 2 டுயோ: இது 2008 வாக்கில் வாங்கியது. ஜி41 போர்டு அதற்கு அடுத்தது. அதில் டிடிஆர்2 எடுப்பதும் உண்டு, டிடிஆர்3 எடுப்பதும் உண்டு. எச்61 போர்டில் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3 உட்கார்ந்திருந்தால் அது 2011-க்குப் பிந்தையது; அதைப் பழசு என்றே சொல்லக் கூடாது, இன்னும் பல வருடம் உழைக்கும். நான்காவதாக ஒன்று இருக்கிறது: தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு மத்திய அரசின் சிடாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் கூடவே இருந்தது. ஸ்டார்ட் ஆகும்போது வருகிற பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்து, ஒரு நாளும் அதைத் தொடாமலேயே படிப்பை முடித்தவர்கள் நம் ஊரில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

லினக்ஸில் பல வகை உண்டு. ரேம் 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான முகப்புள்ள பதிப்பு. யோசிக்க வேண்டியதே இல்லை. 2024-ல் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். விண்டோஸ் பழகிய கைக்கு மெனு இருக்கிற இடம், மூலையில் கடிகாரம் எல்லாம் அப்படியே இருக்கும். சின்னமன் பதிப்பு பார்க்க அழகுதான். ஆனால் ஜி31, ஜி41 போர்டுகளில் உள்ள பழைய இன்டெல் கிராஃபிக்ஸ் அதைச் சுமக்கத் திணறும். 2 ஜிபி ரேமில் மின்ட் ஏறும், ஓடவும் செய்யும். உலாவியில் நான்காவது டேபைத் திறந்ததும் ஹார்டு டிஸ்க் கரகரவென்று அரைக்கத் தொடங்கிவிடும். அங்கே இன்னும் இலகுவான லினக்ஸ் வகைகளான ஆன்டிஎக்ஸ் அல்லது எம்எக்ஸ் லினக்ஸின் ஃப்ளக்ஸ்பாக்ஸ் பதிப்பு நல்லது. 32 பிட் மட்டுமே ஓடுகிற ஆட்டம் என்270 போன்ற சிப்புகளின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. இந்த லினக்ஸ் வகைகளுக்கு அடித்தளமான டெபியன் தன் 32 பிட் நிறுவியை 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட மெஷினில் பிள்ளைகள் டைப்பிங் பழகலாம், பாட்டு கேட்கலாம். பேங்க் வேலைக்கு அது வேண்டாம்.

இப்போது உண்மையான வேலைக்கு வருவோம். வீட்டுக் கணினியில் பத்து வருடமாகச் சேர்ந்திருப்பது என்னவென்று வீட்டுக்காரருக்கே தெரியாது. கல்யாண டிவிடியிலிருந்து இறக்கிய விஓபி வீடியோ கோப்புகள், பழைய போனிலிருந்து ஏற்றிய படங்கள், ஸ்கேன் செய்த பட்டா, பத்திரம், மதிப்பெண் சான்றிதழ், சங்கத்துக்கோ கோயில் கொடை விழாவுக்கோ அடித்த நோட்டீஸ், வரவு செலவுக் கணக்கு. சி டிரைவில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கையும் எடுக்க வேண்டும். உலாவியின் புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டுகளைத் தனியாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும். "எல்லாம் டி டிரைவிலதான் இருக்கு, சியை மட்டும் ஃபார்மட் பண்ணினா போதும்" என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். டி டிரைவும் அதே தட்டில்தான் சுற்றுகிறது. வேறொரு டிஸ்க்கில் இருப்பதைத்தான் நகல் என்று சொல்ல முடியும்.

எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று ஃபான்ட். தமிழ்நாட்டில் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறை வருவதற்கு முன்பு தட்டச்சு செய்த அத்தனையும் பாமினி, வானவில் அவ்வையார், டாப், டாம் மாதிரியான எழுத்துருக்களில் இருக்கின்றன. அரசு 2010-ல் யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்த பிறகும் டிடிபி கடைகளிலும் அலுவலகங்களிலும் பழைய பழக்கம் நெடுநாள் தொடர்ந்தது. இந்த ஃபான்ட்களின் சங்கதி என்னவென்றால், கோப்புக்குள் சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகளுக்கான எண்கள். அந்த எண்களுக்கு மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுவது ஃபான்ட். அது போய்விட்டால் தாத்தா அடித்து வைத்த குடும்ப வரலாறு முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவார்கள். எனவே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகல் எடுங்கள். சில நூறு எம்பிக்கு மேல் வராது. பிறகு லினக்ஸில் அந்தத் தமிழ் ஃபான்ட் கோப்பின் மேல் இரட்டைச் சொடுக்கு போட்டு நிறுவிவிட்டால், லினக்ஸின் ஆபீஸ் மென்பொருளான லிப்ரே ஆபீஸ் பழைய கோப்பைப் படித்துக் காட்டும். நேரம் கிடைக்கும்போது எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் குறியீடு வேறு என்பதால், எந்தக் கோப்பு எந்த ஃபான்டில் இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வைப்பது அப்போது கைகொடுக்கும்.

நகல் எடுக்கப் போகும் பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு முறையில் இருந்தால் 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது. முழு நீளக் கல்யாண வீடியோ பாதியில் நின்றுபோவது இதனால்தான். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிவிட்டு எடுங்கள்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து "டக், டக்" என்று சத்தம் வந்தால், அல்லது ஒரு ஃபோல்டரைத் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆனால், டிஸ்க் செக்கோ டிஃப்ராக்கோ ஓட்டிப் பார்க்கக் கூடாது. சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு அந்த உழைப்பே எமன். முதலில் திரும்பக் கிடைக்காத சின்னக் கோப்புகள், அடுத்து படங்கள், கடைசியில் வீடியோ என்ற வரிசையில் எடுங்கள். விண்டோஸே ஏறவில்லை என்றால் கவலை வேண்டாம். லினக்ஸ் பென்டிரைவை (அதை எழுதும் விதம் கீழே வரும்) லைவ் முறையில், அதாவது கணினியில் ஏற்றாமலே, ஓட்டி, அதன் கோப்பு மேலாளர் வழியாகவே டி டிரைவைத் திறந்து நகல் எடுக்கலாம். விண்டோஸ் சரியாக ஷட் டவுன் ஆகாமல் இருந்தால் அந்த டிரைவ் படிக்க மட்டும் திறக்கும். நகலெடுக்க அது போதும்.

அடுத்தது கேபினெட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடிய விடுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த வேலையில் உட்கார வேண்டாம்; எடுக்கிற தூசியைவிட வருகிற தூசி அதிகமாக இருக்கும். ஒரு அங்குல பெயின்ட் பிரஷ் காய்ந்ததாக ஒன்று, கையில் பிடிக்கும் பிளோயர் ஒன்று போதும். பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; காற்று வேகத்தில் அதைச் சுற்றவிட்டால் பேரிங் போகும். எஸ்எம்பிஎஸ் என்ற மின்சப்ளைப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்னழுத்தம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போதும். பல்லி செத்துக் கிடப்பதும், எறும்பு கூடு கட்டியிருப்பதும் இந்த இடத்தில் சகஜம்.

பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் போட்ட பேஸ்ட் பத்து வருடத்தில் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். மெஷின் பத்து நிமிடத்தில் தானாக அணைவதற்கு இது முக்கியக் காரணம். அதை வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் போட்டவர்கள் பலர். பழையதைத் துணியால் துடைத்து எடுத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்டை நடுவில் வைத்து அமுக்குங்கள். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளையும் எதிரெதிர் மூலையாக, "டக்" என்று சத்தம் வரும் வரை அழுத்த வேண்டும். ஒரு ஊசி சரியாக உட்காராமல் போனாலும் சூடு ஏறும்.

பிராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ, நல்ல டெக்னீஷியனிடம் கொடுத்து மாற்றுங்கள். அதைச் சரிசெய்யாமல் எந்த ஓஎஸ் போட்டாலும் நிற்காது. ரேமைக் கழற்றி அதன் பொன்னிறக் காலை வெள்ளை அழிரப்பரால் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கடலோர வீடுகளில் "டிஸ்பிளே வரல" என்ற புகார் பாதிக்குப் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், பொன்பூச்சு உரிந்துவிடும்.

மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. மூன்று வோல்ட். அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். அந்தத் தேதியில் உலாவியைத் திறந்தால் எந்தத் தளத்தைப் பார்த்தாலும் "பாதுகாப்பற்றது" என்று காட்டும். காரணம், தளங்களின் சான்றிதழ்கள் கணினியின் தேதியோடு ஒப்பிட்டுத்தான் ஏற்கப்படுகின்றன. இவ்வளவு சின்னப் பேட்டரிக்காக நெட் கனெக்ஷனை மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

காசு செலவழிப்பதாக இருந்தால் முதல் செலவு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டில்லாத புது வகை டிஸ்க்), இரண்டாவது ரேம். 240 அல்லது 256 ஜிபியில், சாட்டா கேபிளில் மாட்டும் எஸ்எஸ்டி வீட்டுக்குத் தாராளம். ஜி31 போர்டின் சாட்டா வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்தான், இன்றைய எஸ்எஸ்டியின் முழு வேகம் அதில் வராது. அதனால் ஒன்றும் குறைவில்லை. பழைய ஹார்டு டிஸ்க் ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் முள்ளை நகர்த்திப் பத்து மில்லிநொடி போல எடுத்துக்கொள்கிறது. எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. மெஷின் "விறுவிறு" என்று தெரிவது அந்த வித்தியாசத்தால்தான். எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் முனை இல்லாமல் கன்வெர்ட்டர் வாங்கினால், வயர்களைச் சேர்த்து வார்த்த ஒரே பிளாஸ்டிக் கட்டியாக இருப்பதை எடுக்காதீர்கள். உள்ளே வயர்கள் ஒன்றையொன்று தொட்டுக் கருகிய கதைகள் உண்டு. வயர் தனித்தனியாகச் செருகிய வகை பாதுகாப்பு.

ரேம் வாங்குவதில் இரண்டு பொறிகள். டிடிஆர்2-வில் 4 ஜிபி ஒற்றை ஸ்டிக் மலிவாகக் கிடைக்கிறது என்றால், அது பெரும்பாலும் ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடும் வகை. இன்டெல் ஜி31-ல் பீப் அடிக்கும். அந்தப் போர்டுக்கு உச்சவரம்பு இரண்டு 2 ஜிபி ஸ்டிக், மொத்தம் 4 ஜிபி. இரண்டாவது பொறி ஜி41 டிடிஆர்3 போர்டுக்கு. அதில் 4 ஜிபி ஸ்டிக் போட வேண்டுமானால் இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிப் இருக்க வேண்டும். ஒரே பக்கம் எட்டு சிப் உள்ள புது வகையை அந்தப் போர்டால் படிக்க முடியாது, ஒவ்வொரு சிப்பின் கொள்ளளவும் அதன் வரம்பைத் தாண்டியது. கடைக்குப் போகும்போது பழைய ஸ்டிக்கைக் கையோடு கொண்டுபோய், "இது மாதிரி ரெண்டு பக்கமும் சிப் இருக்கது வேணும்" என்று கேளுங்கள். எச்61-ல் இந்தத் தொல்லை இல்லை.

இனி பென்டிரைவ். 8 ஜிபி போதும். மின்ட் கோப்பு 3 ஜிபி அளவில் இருக்கும். நாளுக்கு ஒன்றரை ஜிபி போன் டேட்டாவில் இறக்க முடியாது, ஃபைபர் இருக்கிற வீட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கியதும், கோப்பு முழுதாக இறங்கியதா என்று காட்டும் அதன் ஷா-256 எண்ணைத் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியில் அறுந்த கோப்போடு ஏற்றத் தொடங்கினால் எண்பது சதவீதத்தில் பிழை காட்டி நிற்கும், குற்றம் மெஷின் மேல் விழும். ரூஃபஸ் என்ற நிரல் கொண்டு அதைப் பென்டிரைவில் எழுதும்போது பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும்) முறை எம்பிஆர் என்று இருக்கட்டும். யூஇஎஃப்ஐக்கு முந்தைய பயாஸுக்கு அதுதான் புரியும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவின் விசை போர்டுக்குப் போர்டு மாறும். கிகாபைட், டெல், லெனோவோவில் எஃப்12; அசூஸ் போர்டில் எஃப்8; எச்பியில் எஃப்9; இன்டெல் போர்டில் எஃப்10; எம்எஸ்ஐ, அஸ்ராக்கில் எஃப்11. பழைய கிகாபைட் ஜி31-ல் எஃப்12 அழுத்தியும் பென்டிரைவ் பெயர் தெரியாமல் பலர் திரும்பிவிடுகிறார்கள். அங்கே "ஹார்டு டிஸ்க்" என்ற வரிக்குள் நுழைந்தால் பென்டிரைவ் அதற்குள் ஒளிந்திருக்கும். பின்பக்க யூஎஸ்பி துளையில் செருகுங்கள். முன்பக்கத் துளையின் வயர் பல கேபினெட்டுகளில் தளர்ந்திருக்கும். எச்61 போர்டில் ஒரே பென்டிரைவ் இரண்டு வரியாகத் தெரியலாம், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். பழைய விண்டோஸ் 7-ஐயும் கூடவே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அது பெரும்பாலும் பழைய முறையில் ஏற்றியதாக இருக்கும், யூஇஎஃப்ஐ இல்லாத வரியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு முறையையும் கலந்தால் ஒன்று பூட் ஆகும், மற்றது காணாமல் போனது போல இருக்கும்.

திரை கறுப்பாகவே நின்றுவிட்டால் மறுபடி தொடங்கி, பட்டியலில் "கம்பேட்டிபிலிட்டி மோட்" என்ற வரியை எடுங்கள். பழைய என்விடியா கார்டு உள்ள மெஷின்களில் இது அடிக்கடி தேவைப்படும்.

லைவ் திரை வந்ததும் நிறுவு என்ற ஐகானைச் சொடுக்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். பாட்டு ஒன்றை ஓட்டி சத்தம் வருகிறதா, வைஃபை தெரிகிறதா, மானிட்டர் முழு அளவில் காட்டுகிறதா என்று பாருங்கள். "டிஸ்க்ஸ்" நிரலைத் திறந்து ஹார்டு டிஸ்க்கின் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். "ரீஅலொகேட்டட் செக்டர்" (கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகள்) சில இருந்து அப்படியே நின்றால் கொஞ்ச நாள் ஓட்டலாம். "கரன்ட் பெண்டிங் செக்டர்" (படிக்க முடியாமல் திணறும் பகுதிகள்) பூஜ்யமாக இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் புது ஓஎஸ் ஏற்றாதீர்கள்.

மின்சாரத்துக்கு ஒரு வார்த்தை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் இருட்டிக்கொண்டு வரும் சாயங்காலத்தையும்தான். யூபிஎஸ்ஸின் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் தாங்குகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். முழு டிஸ்க்கையும் அழித்து ஏற்றும்போது கரன்ட் போனால் பெரிய நட்டமில்லை, முதலிலிருந்து தொடங்கலாம். விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போது போனால்தான் ஆபத்து.

ஏற்றுதல் எளிது. மொழி, கீபோர்டு, பிறகு மல்டிமீடியா கோடெக் (பாட்டு, வீடியோ ஓட உதவும் நிரல்கள்) கேட்கும் பெட்டியில் டிக். புது எஸ்எஸ்டி என்றால் "முழு டிஸ்க்கையும் அழி" போதும். விண்டோஸோடு சேர்த்து என்றால் "வேறு வழி" என்பதில் போய், ஓஎஸ் இருக்கும் ரூட்டுக்கு 40 ஜிபி, மிச்சத்தை உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோமுக்குக் கொடுங்கள். எம்பிஆர் டிஸ்க்கில் முதன்மைப் பார்ட்டிஷன் நான்குக்கு மேல் கூடாது. ரெக்கவரியோடு வந்த பிராண்டட் லேப்டாப்பில் நான்கும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். கீழே பூட்லோடர் (ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) எங்கே என்று கேட்கிற இடத்தை நிதானமாகப் படியுங்கள். அது தவறிப் பென்டிரைவைக் காட்டிக்கொண்டிருந்தால், பென்டிரைவைச் செருகினால் மட்டும் பூட் ஆகும் வினோதக் கணினி கிடைக்கும். ஹோமை என்கிரிப்ட் செய்து (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி) வைக்கச் சொல்லும் டிக் வேண்டாம். கோர் 2 டுயோவிலும் அக்கால ஐ3-களிலும் அதற்கான வன்பொருள் உதவி இல்லை, டிஸ்க் வேலையெல்லாம் மந்தமாகும். நேர மண்டலம் கொல்கத்தா. எஸ்எஸ்டியில் பதினைந்து நிமிடம் போல, ஹார்டு டிஸ்க்கில் அரை மணிக்கு மேலும் ஆகும்.

ஏறிய பிறகு வைஃபை இல்லையென்றால் போனை யூஎஸ்பி வயரால் மாட்டி டெதரிங் போடுங்கள், நெட் உடனே வரும். "டிரைவர் மேனேஜர்" திறந்து பிராட்காம் வைஃபை சிப்புக்கானதை நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கிற மெஷினில் மாறி மாறிப் போகும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தவறும். லினக்ஸ் போர்டின் கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. கட்டளை அடிக்கும் டெர்மினலில் timedatectl set-local-rtc 1 என்று கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

பிரின்டர் விஷயத்தை வாங்கும்போதோ, இருப்பதை மாட்டும் முன்போ விசாரித்துக்கொள்ள வேண்டும். எச்பி லேசர்ஜெட் 1020 வகைக்கு எச்பிலிப் நிரலோடு தனியாக ஒரு பிளக்கின் இறக்க வேண்டும். பிரின்டரை ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதன் ஃபர்ம்வேரை கணினிதான் அனுப்புகிறது. கேனான் எல்பிபி 2900 கேப்ட் என்ற தனி மொழி பேசுவதால் லினக்ஸில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அந்தப் பிரின்டரை நம்பி அன்றாடம் வேலை செய்கிறவர் விண்டோஸை அருகில் வைத்துக்கொள்வது உத்தமம்.

யூடியூப் 1080-ல் திக்கும். புதிய வீடியோ முறைகளைப் பிரிக்கும் திறன் பழைய கிராஃபிக்ஸில் இல்லாததால் முழுப் பாரமும் பிராசஸர் தலையில் விழுகிறது. எச்264ஐஃபை என்ற உலாவித் துணைநிரலைப் போட்டு 480 அல்லது 720-ல் பார்த்தால் சுகமாக ஓடும். ரேம் குறைவான மெஷினில் இசட்-ராம் நிறுவிக்கொள்ளுங்கள். நினைவகம் நிரம்பும்போது டிஸ்க்குக்கு ஓடாமல் உள்ளேயே சுருக்கி வைக்கும்.

தமிழில் தட்டச்சு செய்ய, கீபோர்டு அமைப்பில் நேரடியாகத் தெரியும் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைப் போட்டுவிட்டு "புள்ளி வரலியே" என்று திகைப்பவர்கள் அதிகம். தமிழ்99-ன் உயிரே, ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுவதுதான். வெறும் கீபோர்டு அமைப்பால் அந்தக் கணக்கைப் போட முடியாது. ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு நிரல்கள் இரண்டையும் நிறுவி, லாக் அவுட் செய்து வந்து, ஐபஸ் விருப்பங்களில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99-ஐச் சேருங்கள். தட்டச்சுப் பயிலகத்தில் படித்த கைக்குப் பழைய டைப்ரைட்டர் அமைப்பும், ஆங்கில ஒலியில் அடிக்கிறவர்களுக்கு ஒலிபெயர்ப்பும் அதே பட்டியலில் இருக்கின்றன. லிப்ரே ஆபீஸில் மொழி அமைப்புக்குள் போய் சிக்கலான எழுத்து வடிவத்துக்கான டிக்கைப் போட்டு, அதற்கான ஃபான்ட்டாக நோட்டோ சான்ஸ் தமிழையோ மீரா இனிமையையோ வைத்தால்தான் எழுத்தின் அளவும் தடிமனும் நீங்கள் சொல்கிறபடி மாறும்.

எஸ்எஸ்டி மாற்றியிருந்தால் கழற்றிய ஹார்டு டிஸ்க்கை ஒரு காகிதக் கவரில் போட்டு, மேலே தேதியும் "அழிக்கவில்லை" என்றும் எழுதி, பீரோவில் ஆறு மாதமாவது வையுங்கள். நகல் எடுத்தபோது யாருக்கும் ஞாபகம் வராத ஒரு கோப்பு, பிள்ளையின் கல்லூரி அட்மிஷன் சமயத்திலோ வீட்டு வரி ரசீது தேடும்போதோதான் ஞாபகம் வரும். யூஎஸ்பி சாட்டா கேபிள் ஒன்று இருந்தால் அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடலாம்.